இருபத்தைந்து தப்படி கிழக்கே

அத்தியாயம் ஆறு

ஐந்தாவது மரத்தையும் தோண்டிப் பார்த்தாயிற்று. அதற்கும் வேர் இருந்தது.

பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்த வேர் இல்லை. கட்டைவிரல் கனத்தில் கல்லையும் சல்லியையும் வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்து வருஷமாக அதே இடத்தில் குடித்தனம் நடத்திய வேர். கொழுந்தன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணி, இந்த மரத்தை வேற எங்கேயோ இருந்து தூக்கிட்டு வந்து நட்டாங்கன்னா, என்னையும் எங்கம்மா சந்தையிலதான் வாங்கியிருக்கணும்.”

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. மரங்களைப் புதிதாகக் கொண்டுவந்து நட்டிருப்பார்கள் என்பது அவளுடைய யோசனை. அந்த யோசனை ஐந்து குழிகளிலும் ஐந்து முறை செத்துப்போனது. போதாக்குறைக்கு, தோண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருந்தார் சுரங்க நிறுவனத்தின் மேலாளர். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. தாராளமாகத் தோண்டுங்கள், மண்ணை மட்டும் மூடிவிடுங்கள் என்று அவர் சொன்ன விதத்திலேயே, ஒன்றும் கிடைக்காது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அண்ணிக்கு முறையான ஒரு பெயர் உண்டு. அது பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் சுற்றிச் சுற்றி வந்து, சொல்லப்பட்ட கதையில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு, சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தாள். உதவிக்கு வந்தவன் கணவரின் தம்பி. நன்றாக லாரி ஓட்டுவான். வாய் சும்மா இல்லாததால் மூன்று முதலாளிகளை இழந்தவன். அவன் நாலு பேர் நடுவில் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கோடு வருகிறவர்களுக்கும் காவல் நிலைய எழுத்தருக்கும்கூட அவள் அண்ணி ஆகிவிட்டாள்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் ஒரு மதிப்பீட்டாளர். சுரங்கம் மூடிய பிறகு அந்த நிலத்தில் செடிகொடி பிழைத்திருக்கிறதா என்று அளந்து அரசாங்கத்துக்கு அறிக்கை தருகிறவர். பத்தொன்பது வருஷ அனுபவம். எதைச் சொன்னாலும் எண்ணிக்கையோடு சொல்வார். அவர்கள் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தவர், படி பதினேழு, அதில் நாலாவது உடைந்திருக்கிறது என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். அவருக்கு ‘இலையெண்ணி’ என்று பெயர் வைக்கக் கொழுந்தனுக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் ஒரு மலையாகவே நின்றது. அதைப் பச்சையாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் நிறுவனம் இடத்தை விட்டுப் போகலாம் என்பது விதி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மலை முழுக்கக் கன்று நட்டார்கள். நடும்போதே, பிற்பாடு பரிசோதிப்பதற்கென்று முப்பது இடங்களைக் குறித்து வைத்தார்கள். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம்; ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்புக் கம்பி, அதில் எண் போட்ட தகரம். முப்பதில் இருபத்துநாலு கட்டங்களாவது தேறினால் நிறுவனத்துக்குச் சான்றிதழ். அத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது.

மதிப்பீட்டாளர் போய் அளந்தார். ஏழுதான் தேறியது. இருபத்துமூன்று கட்டங்களில் காய்ந்த குச்சியும் களைப்புல்லும்தான். அப்படியே எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து நிறுவனம் வேறு ஆளை வைத்து மறுபடி அளந்தது. முப்பதும் தேறின. தழைத்து நின்றன. முதல் அறிக்கையின் படங்களில் பதிவாகியிருந்த இடக்குறிப்பைச் சரிபார்த்தபோது முப்பது படங்களுமே கட்டத்துக்கு வெளியே எடுத்தவை என்று தெரிந்தது. மதிப்பீட்டாளர் கம்பிகளைப் பிடுங்கி மொட்டை இடங்களில் நட்டுப் படம் பிடித்துப் பொய் அறிக்கை கொடுத்தார் என்று புகார் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. தோற்றால் உரிமமும் போகும், வழக்கும் வரும்.

இன்று புதன். மணி பன்னிரண்டு.

மரம் புதிது இல்லை என்றால், கம்பிதான் புதிய இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனமே கம்பிகளைத் தழைத்த இடத்துக்கு மாற்றி நட்டிருக்கலாம். அண்ணி கட்டங்களின் பழைய பதிவேட்டு நகலை எடுத்துக்கொண்டு, சாலையோரத்து எல்லைக்கற்களிலிருந்து நாடா பிடித்து அளக்க ஆரம்பித்தாள். சரளைச் சரிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆறு கட்டங்கள் அளந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் எழுதிய கணக்குக்கும் இப்போது கம்பி நிற்கும் இடத்துக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை.

நாடாவைச் சுருட்டிக்கொண்டே கொழுந்தன் சொன்னான்: “நல்ல செய்தி அண்ணி. எதிர்க்கட்சி யோக்கியமானவங்கன்னு நம்ம செலவுலயே நிரூபிச்சுட்டோம்.”

அவர்கள் அவ்வளவு யோக்கியமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. எரிச்சலே அதில்தான். கட்டத்துக்குள் சருகை விலக்கினால் கறுப்புக் குழாய் ஓடியது. ஒவ்வொரு மரத்தடியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கட்டத்தைத் தாண்டிச் சில அடிகளில் குழாய் நின்றுவிடும். அதற்கப்பால் மலை வேறு மலை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவது வெறும் களை. காலால் எத்தினால் மண் பொலபொலவென்று சரிந்தது. ஐந்து வருஷமாக முப்பது கட்டத்துக்கு மட்டும் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள்.

மேலாளரிடம் கேட்டபோது அவர் ஒளிக்கவே இல்லை. பரிசோதனைக் கட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார். விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதிப்படி கட்டத்துக்குள் இருப்பதைத்தான் பார்க்க முடியும், மலையைப் பார்க்கச் சொல்லி விதியில் இல்லையே அம்மா என்றார்.

ஆக, கம்பி இன்று சரியான இடத்தில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் போன அன்று தப்பான இடத்தில் இருந்திருக்கிறது. அன்று மலையில் கம்பிக்குப் பக்கத்தில் போனவர் என்று எழுத்தில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான். அண்ணி போனை எடுத்தாள். எப்படிக் கேட்டாலும் அசிங்கமாகத்தான் இருக்கும் என்று நேராகவே கேட்டாள்.

“சார், அந்தக் கம்பியை நீங்க தொட்டீங்களா?”

“ஊரே கேக்குது. நீங்களுமா?” என்றார் மதிப்பீட்டாளர். வைத்துவிட்டார். அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு அன்று கூப்பிடவே இல்லை. அது அண்ணியை இன்னும் குடைந்தது.

அடிவாரத்துப் பயணியர் விடுதியில் மாடி அறை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேஜைவரை வந்திருந்தது. மதிப்பீட்டாளர் எடுத்த முப்பது படங்களையும் கட்டிலின் மேல் பரப்பி வைத்திருந்தாள். முப்பதிலும் ஒரே காட்சி: நடுவில் கம்பி, தகரத்தில் எண், சுற்றிலும் வறட்சி. ஏழில் மட்டும் கொஞ்சம் இலை.

“இதையெல்லாம் பார்த்தா கல்யாணத்துக்குப் பார்க்க வந்த பொண்ணுங்க போட்டோ மாதிரி இருக்கு அண்ணி. ஒண்ணுகூட சிரிக்கல.”

“வாயை மூடிட்டு அந்த இடக்குறிப்பைப் படி.”

அவன் படிக்கப் படிக்க, அவள் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தாள். கம்பி நிற்க வேண்டிய இடத்துக்குக் கறுப்புப் புள்ளி. மதிப்பீட்டாளர் படமெடுத்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. முப்பது ஜோடி. முடித்துவிட்டுத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

எல்லாச் சிவப்புப் புள்ளியும் கறுப்புப் புள்ளிக்கு வலது பக்கம் இருந்தது. எல்லாம் கிழக்கே. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தூரம். செல்போன் பதிவில் வரும் முன்பின் இரண்டு மீட்டரைத் தள்ளிவிட்டால், பதினெட்டு மீட்டர். நடந்து பார்த்தால் இருபத்தைந்து தப்படி.

நிறுவனத்து வக்கீல், படங்கள் முப்பதும் கட்டத்துக்கு வெளியே இருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொண்டார். எப்படி வெளியே இருக்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை.

“தம்பி, உனக்கு ஒருத்தனைப் பழிவாங்கணும். இந்த மலை தோத்துப்போச்சுன்னு எழுதணும். கம்பியை எங்கே நடுவே?”

“இருக்கிறதுலயே மொட்டையா இருக்கிற எடத்துல.”

“முப்பதையுமா?”

“பின்ன? அந்த ஏழு எடத்தை எதுக்குப் பாஸ் போடணும்?” என்றவன் சட்டென்று நிறுத்தினான்.

“அதேதான். ஏமாத்துறவன் எடம் தேடுவான். இந்த ஆள் தேடவே இல்லை. கண்ணை மூடிட்டு இருபத்தஞ்சு தப்படி எண்ணி, எங்கே போய் விழுந்துச்சோ அங்கே நட்டிருக்கான்.”

கொழுந்தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தயங்கித் தயங்கி, எண்ணுவது என்றால் நமக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தானே அண்ணி இருக்கிறார், படிக்கட்டைக்கூட எண்ணிவிட்டு வந்தவர் என்றான்.

அண்ணிக்கு அவனைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அவன் சொன்னது சரி என்பதுதான் காரணம். இரண்டு நாள் முட்டி மோதிக் கண்டுபிடித்த ஒரே தடயமும் தன்னை நம்பி வந்தவர் தலையிலேயே போய் உட்கார்ந்தது. பேனாவை மேஜையில் எறிந்தாள். அது உருண்டு கட்டிலடியில் போயிற்று. எடுக்கக் குனிந்தபோது கட்டில் விளிம்பில் இருந்த படம் கண்ணுக்கு நேராக வந்தது. பதினோராம் எண் கம்பி. அதன் அடிப்பகுதி.

பூதக்கண்ணாடி கேட்டாள். கம்பியின் கீழ்ப்பக்கம், சரிவு இறங்கும் திசையில், பிறைநிலா மாதிரி ஒரு சின்ன மண்வரப்பு. வரப்பு கரைந்துவிடாமல் வெளிப்பக்கம் மூன்று கூழாங்கல் பதித்திருந்தது. அடுத்த படத்தைப் பார்த்தாள். அங்கேயும் பிறை, மூன்று கல். சில படங்களில் நிழல் மறைத்தது. தெரிந்த இருபத்திரண்டு படங்களிலும் இருந்தது.

“இது என்னன்னு தெரியுதா?”

அவன் பார்த்தான். மேலேயிருந்து வழியும் மழைத்தண்ணீர் கன்றுக்கு நிற்க வேண்டும் என்று கட்டுகிற வரப்பு என்றான். மலையில் புதுக்கன்று நடுகிற பெண்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள், காலையில் பார்த்தோமே.

“ஆமா. இங்கே எதுக்கு?”

கொழுந்தன் படத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனான். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். “இரும்புக் கம்பிக்குத் தண்ணி பாய யாரு அண்ணி வரப்பு கட்டுவாங்க?”

“யோசிக்காமக் கட்டுறவங்க. வாழ்க்கை பூரா நட்டு நட்டுக் கை தானா கட்டுது. நம்ம ஆள் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதவர்.”

மறுநாள் காலையில் அவர்கள் மேலாளர் அறைப் பக்கமே போகவில்லை. சாலையோரம், பார்க்கிறவர்கள் கண்ணில் படும் வரிசையில் பெண்கள் காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு மாற்றுக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் பராக்குப் பார்க்கிற மாதிரி குழி குழியாக நடந்தார்கள். எல்லாக் குழியிலும் பிறை இருந்தது. கல் எதிலும் இல்லை. நூறு குழிக்கு மேல் பார்த்த பிறகு அண்ணியின் பொறுமை அறுந்தது. அருகில் கூடை சுமந்து வந்த ஒரு பெண்ணிடம், வரப்பு மழையில் கரைந்துவிடாதா, ஓரத்தில் கல் வைக்க மாட்டீர்களா என்று சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். அதற்கெல்லாம் நேரம் ஏது, ஒரு நாளைக்கு நூற்றியிருபது குழி ஆக வேண்டும் என்றாள் அவள். மேஸ்திரியம்மா ஒருத்திதான் கல் வைப்பாள், எண்ணி மூன்று, நாங்கள்கூடக் கேலி செய்வோம் என்றும் சொன்னாள்.

மேஸ்திரியம்மா என்பவள் நடவு வேலை செய்யும் அறுபது பெண்களுக்கும் தலைவி. ஐம்பதைத் தாண்டியவள். ஒல்லி, உயரம், தலையில் துண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு நடந்து போனவளைப் பின்தொடர்ந்து போனார்கள். மண்மேட்டின் காலடியில் ஒட்டினாற்போல் ஒரே வரிசையில் பதினாலு வீடு. அதில் கடைசி அவளுடையது.

அண்ணி எந்தப் பீடிகையும் போடவில்லை. படத்தைக் கையில் கொடுத்தாள். மேஸ்திரியம்மா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறையைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“பாழாப்போன கை,” என்றாள். “நான்தான் நட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை. மலையில யாரும் இல்ல. காலையில ஆரம்பிச்சது, இருட்டறதுக்குள்ள முடிஞ்சுது. அளக்க வந்தவர் போனதும், அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பழைய எடத்துலயே திரும்ப நட்டுட்டேன்.”

உட்காரச் சொன்னாள். உட்காரும்போது அண்ணி சுவரைக் கவனித்தாள். கட்டில் உயரத்துக்கு, வீட்டின் நாலு பக்கமும் செம்பழுப்பாக ஒரு கோடு. போன மழையில் மேட்டிலிருந்து சேறு இறங்கி வந்து நின்ற அளவு அது. மகனும் மருமகளும் கைக்குழந்தையோடு அலமாரி மேல் உட்கார்ந்திருந்தார்களாம். கன்றெல்லாம் பிழைத்திருந்தால் வேர் மண்ணைப் பிடித்திருக்கும் என்று மேஸ்திரியம்மா மேலாளரிடம் போய்ச் சொன்னாள். மலை நன்றாகத்தான் இருக்கிறது, கட்டத்தைப் போய்ப் பார் என்றார் அவர். மனு எழுதினாள். கட்டங்கள் நல்ல நிலையில் இருப்பதாகப் பதில் வந்தது. முப்பது கட்டத்துக்கும் குழாய் போட்டதே அவள் கைதான்.

எதற்கு இருபத்தைந்து தப்படி என்று அண்ணி கேட்டாள். தண்ணீரின் ஈரம் இருபது தப்படி வரைக்கும் கசியும், அதைத் தாண்ட வேண்டும் என்றாள். கிழக்கு எதற்கு என்றால், காலையில் வெயிலைப் பார்த்து நடக்கலாம், மத்தியானத்துக்கு மேல் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நடக்கலாம், திசை தப்பாது.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. “அவ்வளவு கஷ்டப்பட்டீங்களே, நல்லா மொட்டையா இருக்கிற எடமாப் பார்த்து நட்டிருக்கலாமே?”

மேஸ்திரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அது பொய்யாயிடுமேப்பா.”

கம்பி பொய்யான இடத்தில் நின்றபோது மலையைப் பற்றி உண்மை சொல்லியிருக்கிறது. இப்போது சரியான இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்கிறது. இதை எந்த அதிகாரியிடம், எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது என்று அண்ணிக்கு ஆத்திரமாக வந்தது.

வேலை போய்விடும் என்ற பயமும் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றாள் மேஸ்திரியம்மா. சான்றிதழ் வந்தால் அறுபது பேருக்கும் வேலை முடிந்தது. தோற்றால் மலை முழுக்க மறுபடி நட்டாக வேண்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான். அளக்க வந்த மனிதர் மேல் பழி விழும் என்று தோன்றவே இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவருக்கு விசாரணை என்று அண்ணி சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். இரண்டு பெண்கள், மூத்தவள் கல்லூரியில் என்றாள் அண்ணி. மேஸ்திரியம்மா துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள்.

சாலைக்கு வந்ததும் கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். முழுப் பேச்சும் பதிவாகியிருந்தது. அண்ணி அவனைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு இதைப் போட்டா நம்ம ஆள் தப்பிச்சுடுவார் அண்ணி.”

“தெரியும்.”

“போடலன்னா?”

“அதுவும் தெரியும். கொஞ்ச நேரம் பேசாம வா.”

அவன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசாமல் வந்தான்.

வெள்ளிக்கிழமை. விசாரணை அறையில் நீள மேஜை, ஆறு நாற்காலி, கடகடவென்று ஒரு மின்விசிறி. மேலாளரும் வக்கீலும் ஒரு பக்கம். மறுபக்கம் மதிப்பீட்டாளர். இரண்டு நாள் தூங்காத கண். அண்ணியின் வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணி தாளை விரித்தாள். கறுப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி. ஒரே திசை, ஒரே தூரம். இடம் தேடாத கை. பிறகு படங்களில் இருந்த பிறையையும் கல்லையும் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வக்கீல், இது கெட்டிக்காரத்தனமான கற்பனை என்றார். அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“சரி அம்மா. இவர் இல்லன்னே வச்சுக்குவோம். யாரு?”

மின்விசிறி கடகடத்தது. மதிப்பீட்டாளர் திரும்பிப் பார்த்தார். அண்ணிக்குத் தெரியும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும். அவர், தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டார். அவள் கை பைக்குள் போயிற்று. போன் விரலில் பட்டது. பன்னிரண்டு வருஷம் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு உண்மையை வெளியே எடுப்பது இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

கதவருகில் பேச்சுச் சத்தம் கேட்டது. அலுவலக உதவியாளர் தடுப்பதும், ஒரு பெண் குரல் பதில் சொல்வதும். பிறகு கதவு திறந்து மேஸ்திரியம்மா உள்ளே வந்தாள். வெளுத்த சேலை. தலையில் துண்டு இல்லை. துண்டில்லாமல் அவளை மேலாளருக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

அவள் நாற்காலி கேட்கவில்லை. நின்றபடியே, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். குழாய் எத்தனை அடியில் நிற்கிறது, எதற்காக இருபத்தைந்து, எந்த ஏழு இடத்தில் செடி நன்றாக இருந்தது என்று எண்ணோடு சொன்னாள். நடுவில் ஒரு தடவை மேலாளர் பக்கம் திரும்பி, நான் கம்பியைத்தான் நகர்த்தினேன் ஐயா, மலையை நகர்த்தவில்லை என்றாள். மேலாளரின் சிரிப்பு முதல் முறையாகக் காணாமல் போயிருந்தது. இந்த நிமிஷத்திலிருந்து உனக்கு வேலை இல்லை என்றார். தெரியும், துண்டை வேலைக் கூடாரத்திலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றாள் அவள்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். இருபது நிமிஷம் எழுதினார். பிறகு படித்தார். மதிப்பீட்டாளர் மேல் இருந்த புகார் தள்ளுபடி. ஆனால் எல்லைக்கல்லிலிருந்து நாடா பிடித்துச் சரிபார்க்காமல் கம்பியை மட்டும் நம்பியதற்குக் கண்டிப்பு. கம்பிகளின் இடமே சந்தேகத்துக்கு உள்ளானதால் இரண்டு அறிக்கையும் ரத்து. புதிதாக முப்பது கட்டங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நடவுத் தலைவி செய்ததைக் காவல் நிலையத்துக்கு எழுதியாக வேண்டும், அது தன் கடமை, தவிர்க்க முடியாது.

அளப்பது எப்போது என்று அண்ணி கேட்டாள். உத்தரவு போய், ஆள் நியமித்து, நாலு மாதமாவது ஆகும் என்றார் அதிகாரி. மழை அதற்கு முன்னால் வந்துவிடுமே என்றாள் அவள். அதிகாரி பேனாவை மூடினார். விதிப்படி தன்னால் முடிந்தது இதுதான் என்றார். அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் அண்ணிக்குக் கிடைத்த ஆறுதல்.

வராந்தாவில் மதிப்பீட்டாளர் மேஸ்திரியம்மாவுக்கு எதிரே வந்து நின்றார். நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்பது நாளாகத் தன்னை வீட்டிலேயே சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். கடைசியில், அடுத்த முறை அளக்க என்னையே அனுப்பினால் ஒழுங்காக நாடா பிடித்து அளப்பேன் என்றார்.

மேஸ்திரியம்மா கொஞ்சம் யோசித்தாள்.

“அளங்க. ஆனா எந்த முப்பது எடம்னு கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லாதீங்க சார்,” என்றாள். படியிறங்கியவள் பாதியில் நின்று திரும்பினாள். “எனக்கும் சொல்லாதீங்க.”